குளிர்காலம் இல்லாத ஊரில் டேலியா

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் பஃப்ளோ சாலைப் பூக்கடைகளைக் கடந்து செல்கிறவர்களுக்கு மல்லிகையும் சாமந்தியும் நித்தியப் பரிச்சயமானவை. ஆனால் சீனப் புத்தாண்டுக் காலத்தில், கரையோரப் பூந்தோட்டங்களில் 2012-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபிளவர் டோம் என்னும் கண்ணாடி மாளிகைக்குள், உள்ளங்கை கொள்ளாத அளவில் மலர்ந்து நிற்கும் டேலியாவிடம் மனத்தைப் பறிகொடுத்து, அதே செடியை அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்து, ஒருமுறை பூத்தபின் அது சோர்ந்து மடிவதைக் கண்டு வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

காரணம் சீதோஷ்ணமே. மெக்சிகோவின் மலைப்பிரதேசங்களில் பிறந்து, 1791-இல் ஸ்பெயின் தேசத்துத் தாவர சாஸ்திரி கவனில்லெஸ் என்பவரால், ஸ்வீடன் அறிஞர் ஆண்டர்ஸ் டாலின் ஞாபகார்த்தமாகப் பெயரிடப்பட்ட இச்செடி குளிர்ந்த இரவை விரும்புவது. உதகையிலும் கொடைக்கானலிலும் அது செழிப்பதன் ரகசியம் இதுவே. ஃபிளவர் டோமில் 23 முதல் 25 டிகிரி வரை குளுமை காக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய சக்தியில் ஒரு பகுதி, நகரத்துப் பூங்காக்களில் கழித்த மரக்கிளைகளை எரித்துப் பெறப்படுகிறது. வெட்டிய கிளையின் கனல் அயல்நாட்டுப் பூவுக்குக் குளிராக மாறுவது, எனக்கு அந்த மலர்களைவிட விசேஷமாகத் தோன்றுகிறது.

டேலியாவின் மண்ணைக் கிளறினால், தண்ணீர்விட்டான் கிழங்கைப்போல் பருத்த வேர்கள் கொத்தாகத் தொங்கும். அவற்றில் சேர்ந்திருப்பது மாவன்று, இனுலின் என்னும் பொருள். முளைக்கும் கண், கிழங்கின் உடலில் இராமல், தண்டோடு சேரும் கழுத்திலேயே இருப்பதால், கழுத்தொடிந்த கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைப்பதில்லை. பகல் 12 மணி நேரத்துக்குக் குறுகும்போது, குளிர்காலம் நெருங்குவதை உணர்ந்து கிழங்கைப் பருக்கச் செய்வது அதன் சுபாவம். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம் வடக்கேயுள்ள சிங்கப்பூரிலோ, வருஷத்தின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் சுமார் 10 நிமிஷமே. செடியை உறங்கச் சொல்லும் பருவம் இங்கே வருவதில்லை.

ஆகவே அந்த உறக்கத்தை நாமே அளிக்க வேண்டும். இலை பழுக்கத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, ஒரு சாண் தண்டை விட்டு வெட்டி, கிழங்கைக் கொத்தாகவே எடுத்து, நிழலில் ஆறவிட்டு, ஈரம் மிகச் சிறிதேயுள்ள தென்னைநார்த் தூளில் பொதித்துக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறி அறையில் வைக்கலாம். வெளியே கிடந்தால், வெப்பத்தில் சுவாசம் மிகுந்து சேமிப்பு கரையும், அல்லது அழுகும்.

மூதாதையர் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிளாடியோலஸ் என்னும் பூச்செடி இவ்வளவு பராமரிப்பைக் கேட்பதில்லை. கந்தம் என்னும் அதன் நிலத்தடித் தண்டு, தேக்கா சந்தையில் வாங்கும் சேப்பங்கிழங்கைப் போன்ற வடிவம் உடையது. பழையது சுருங்கச் சுருங்க அதன் தலைமேல் புதியது திரண்டு, சுற்றிலும் குட்டிகள் ஒட்டும். அந்தப் புதிய கந்தம், 5 டிகிரிக் குளிரில் சில வாரங்கள் கிடந்தாலன்றிச் செவ்வனே முளைப்பது அரிது. சென்ற வாரம் பழையதை உரித்தெறிந்துவிட்டுப் புதியவற்றைக் காகிதப் பையில் இட்டு, மேலே தேதியை எழுதி, குளிர்பதனப் பெட்டியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.