பெயர் மாறாது, உள்ளடக்கம் மாறும்
பொதிசெய்யப்பட்ட உணவு, பானங்களின் போசணைக் கூறுகள்

க.பொ.த. (சாதாரண தரம்) சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியல் ஆகிய பாடங்களுக்கு உரியது



ஜெயபுரத்துக் கடையொன்றில் நீங்கள் இன்று வாங்கும் சோடாப் போத்தலும், உங்கள் அண்ணன் பத்து வருடங்களுக்கு முன்னர் அதே கடையில் வாங்கிய சோடாப் போத்தலும் ஒரே பெயரைக் கொண்டவையாக இருக்கலாம். நிறமும் படமும்கூட ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் உள்ளேயிருக்கும் சீனியின் அளவு ஒன்றுதானா? பெரும்பாலும் இல்லை. இம்மாற்றம் ஏன் ஏற்படுகின்றது, அதனை எவ்வாறு கண்டறிவது, அறியாதிருந்தால் என்ன நேரும் என்பவற்றை இப்பகுதியில் நோக்குவோம்.

1. மாற்றம் ஏற்படும் இரு வழிகள்

(அ) உற்பத்தியாளர் சேர்மானத்தை மாற்றுதல். சீனி, உப்பு, கொழுப்பு என்பவற்றைக் கூட்டுதல் அல்லது குறைத்தல், விற்றமின்களையும் கனியுப்புகளையும் புதிதாகச் சேர்த்தல் என்பன இதில் அடங்கும். இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் உணவுக்குரிய உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டபூர்வமாக்கப்பட்டமை இதற்கு நல்ல உதாரணமாகும். உப்பு என்ற பெயர் மாறவில்லை, அதன் போசணைப் பெறுமானம் மாறியது.

(ஆ) களஞ்சியப்படுத்தும்போது தானாக மாறுதல். பழச்சாற்றிலுள்ள விற்றமின் சீ வெப்பம், ஒளி, ஒட்சிசன் என்பவற்றால் ஒட்சியேற்றமடைந்து குறைகின்றது. பிஸ்கற், பொரித்த உணவு முதலியவற்றிலுள்ள கொழுப்பு காற்றுப்பட்டுக் காறல் அடைகின்றது. அயடீன் சேர்த்த உப்பை அடுப்பருகே திறந்து வைத்தால் அயடீன் படிப்படியாக இழக்கப்படும். ஆகவே உப்பு ஆனையிறவில் விளைந்ததாயினும் வேறெங்கும் விளைந்ததாயினும், அதனை இறுக மூடி ஈரமற்ற இடத்தில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது வகை மாற்றத்தை உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி என்பவற்றைப் பார்த்தும் முறையாகக் களஞ்சியப்படுத்தியும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். முதலாவது வகையை அறிய, சுட்டுத்துண்டை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2. இலங்கையில் மென்பானங்களுக்கு நிகழ்ந்தது

நீரிழிவு, இதயநோய் முதலிய தொற்றா நோய்கள் பெருகியமையால் அரசாங்கம் இரு நடவடிக்கைகளை எடுத்தது.

முதலாவது, நிறக் குறியீடு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 2016 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி 100 மில்லிலீற்றர் பானத்தில் உள்ள சீனியின் அளவு,

11 கிராமை விடக் கூடியதாயின் – சிவப்பு
2 முதல் 11 கிராம் வரையாயின் – செம்மஞ்சள்
2 கிராமிலும் குறைந்ததாயின் – பச்சை

என நிறம் இடப்படல் வேண்டும். 2019இல் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்குமான நிறக் குறியீடு திண்ம உணவுகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இரண்டாவது, சீனி வரி. 2017 நவம்பரில் இனிப்பூட்டிய பானங்களில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது. பிற்பட்ட காலத்தில் இவ்வரி வீதம் மாற்றப்பட்டது. எனினும் உற்பத்தியாளர் எவ்வாறு சிந்தித்திருப்பார் என்பதை அந்த 50 சதத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

உதாரணக் கணிப்பு: 400 மி.லீ. போத்தலொன்றில், 100 மி.லீ. இற்கு 12 கிராம் சீனி உள்ளது.

மொத்தச் சீனி = 12 × 4 = 48 கிராம்
வரி = 48 × 50 சதம் = 24 ரூபா

சீனியை 100 மி.லீ. இற்கு 8 கிராமாகக் குறைத்தால்,

மொத்தச் சீனி = 8 × 4 = 32 கிராம்
வரி = 32 × 50 சதம் = 16 ரூபா

போத்தலொன்றுக்கு 8 ரூபா மிச்சம். இலட்சக்கணக்கான போத்தல்களை விற்கும் நிறுவனத்துக்கு இது பெருந்தொகையாகும். எலிபன்ட் ஹவுஸ் பானங்களை உற்பத்தி செய்யும் நிறுவனம் உட்பட நாட்டின் மென்பான உற்பத்தியாளர்கள் இக்காலப்பகுதியில் தமது பானங்களின் சீனியைக் குறைத்தனர்.

இவ்விரு நடவடிக்கைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கவனியுங்கள். 12 கிராமிலிருந்து 10.5 கிராமுக்குக் குறைத்தவுடனேயே சிவப்பு செம்மஞ்சளாகி விடுகின்றது. அதன்பின் 3 கிராம் வரை குறைத்தாலும் அதே செம்மஞ்சள்தான். எனவே நிறக் குறியீடு எல்லைக்கோட்டைத் தாண்டுமாறு மட்டுமே உற்பத்தியாளரைத் தூண்டுகின்றது. கிராமுக்கான வரியோ ஒவ்வொரு கிராமையும் குறைக்கத் தூண்டுகின்றது.

3. செம்மஞ்சள் என்றால் பாதுகாப்பானதா?

பின்வரும் இரு போத்தல்களையும் ஒப்பிடுக.

போத்தல் அ: சிவப்பு. 100 மி.லீ. இற்கு 12 கிராம். கொள்ளளவு 200 மி.லீ. மொத்தச் சீனி 24 கிராம்.

போத்தல் ஆ: செம்மஞ்சள். 100 மி.லீ. இற்கு 9 கிராம். கொள்ளளவு 400 மி.லீ. மொத்தச் சீனி 36 கிராம்.

செம்மஞ்சள் போத்தலை முழுவதும் குடித்தவரின் உடலிலேயே கூடுதலான சீனி சேர்கின்றது. தேக்கரண்டி ஒன்று ஏறத்தாழ 5 கிராம் எனக் கொண்டால் 36 கிராம் என்பது 7 தேக்கரண்டிக்கும் மேலாகும். ஒரு கிராம் சீனி 4 கிலோ கலோரி தருவதால் இதிலிருந்து 144 கிலோ கலோரி கிடைக்கும்.

சேர்க்கப்பட்ட சீனி முதலிய சுயாதீன வெல்லங்களிலிருந்து பெறும் சக்தி, நாளாந்த மொத்தச் சக்தியின் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் குறைவாயின் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும்.

எனவே நிறம் செறிவைக் காட்டுகின்றது, நாம் உள்ளெடுக்கும் மொத்த அளவைக் காட்டுவதில்லை. நிறத்தைப் பார்த்த பின்னர் கிராமையும் கொள்ளளவையும் பார்த்தல் அவசியம்.

4. குறைத்த சீனிக்குப் பதிலாக என்ன?

சீனியைக் குறைத்தும் இனிப்புக் குறையவில்லையாயின் அசுபாட்டேம், சுக்குரலோசு, ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டி சேர்க்கப்பட்டிருக்கலாம். சேர்மானப் பட்டியலில் இவற்றின் பெயர் இருக்கும். உடல் நிறையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்துவதைத் தான் பரிந்துரைக்கவில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. நாக்கு மிகை இனிப்புக்குப் பழகிவிடுவதை இனிப்பூட்டி மாற்றுவதில்லை. தண்ணீர், உப்பிட்ட மோர், சீனி குறைத்த தேசிக்காய்த் தண்ணீர் என்பன தாகத்துக்குப் போதுமானவை.

5. மாற்றத்தை அறியாததால் வரும் ஆபத்து

சீனி குறைவது நல்லதுதானே, அதனை அறியாவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பிரித்தானியாவில் நிகழ்ந்ததைப் பாருங்கள்.

அங்கு 2018 ஏப்ரலில் மென்பான வரி நடைமுறைக்கு வந்தது. 100 மி.லீ. இல் 5 கிராமிலும் குறைந்த சீனி உள்ள பானத்துக்கு அவ்வரி இல்லை. எனவே வரி வருவதற்கு முன்னரே பல நிறுவனங்கள் சேர்மானத்தை மாற்றின. லூக்கோசேட் என்ற பானத்தில் 2017இல் குளுக்கோசு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கப்பட்டது. இன்சுலின் பெறும் நீரிழிவு நோயாளர் பலர், குருதியில் குளுக்கோசு மட்டம் திடீரென வீழ்ச்சியடையும்போது அப்பானத்தையே அருந்தி வந்தனர். முன்னர் 100 மி.லீ. இல் கிடைத்த குளுக்கோசைப் பெற இப்போது அவர்கள் ஏறத்தாழ 200 மி.லீ. அருந்த வேண்டியதாயிற்று. பழைய அளவையே அருந்த வேண்டாமென நோயாளர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இதனை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். இன்சுலின் ஏற்றும் அம்மம்மாவுக்கு இரவில் வியர்த்து, நடுங்கி, தலைசுற்றுகின்றது. முழங்காவில் வைத்தியசாலைக்குச் செல்ல வாகனம் வரும்வரை வீட்டிலுள்ள சோடாவைக் கொடுக்கின்றோம். அது சீனியற்ற சோடாவாயின் குளுக்கோசு மட்டம் உயராது, நேரந்தான் வீணாகும். அம்மம்மா நினைவுடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுப்பதே நிச்சயமானது. நினைவிழந்தவருக்கு வாயால் எதனையும் கொடுத்தலாகாது.

சாதாரண நாளில் தீங்கான சீனியே அவ்வேளையில் உயிர் காக்கின்றது. இரு சந்தர்ப்பங்களிலும் நமக்குத் தேவைப்படுவது ஒன்றுதான்: போத்தலில் உண்மையில் எவ்வளவு உள்ளது என்ற அறிவு.

6. சுட்டுத்துண்டில் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி
2. நிறக் குறியீடும் கிராம் அளவும்
3. தேறிய நிறை அல்லது கொள்ளளவு
4. சேர்மானப் பட்டியல் (கூடிய அளவில் உள்ளது முதலில் வரும்)
5. "புதிய", "மேம்படுத்தப்பட்ட" போன்ற சொற்கள். இவை இருப்பின் போசணை அட்டவணையை மீண்டும் வாசிக்க.

செயற்பாடு: வீட்டில் வழமையாக வாங்கும் ஒரு பானம், ஒரு பிஸ்கற் ஆகியவற்றின் சுட்டுத்துண்டுகளைத் திகதியிட்டுக் கொப்பியில் ஒட்டுக. ஒவ்வொரு தவணையிலும் புதியதை அருகில் ஒட்டி ஒப்பிடுக.

மாதிரி வினாக்கள்

1. 300 மி.லீ. பானமொன்றில் 100 மி.லீ. இற்கு 7 கிராம் சீனி உள்ளது. (i) அதன் நிறக் குறியீடு யாது? (ii) முழுப் போத்தலிலும் உள்ள சீனியின் அளவு யாது? (iii) அதனால் கிடைக்கும் சக்தி யாது?
விடை: (i) செம்மஞ்சள் (ii) 21 கிராம் (iii) 84 கிலோ கலோரி

2. உணவொன்றின் பெயர் மாறாதிருக்க, அதன் போசணைக் கூறுகள் மாறுவதற்கான இரு காரணங்கள் தருக.
விடை: உற்பத்தியாளர் சேர்மானத்தை மாற்றுதல், களஞ்சியப்படுத்தும்போது ஒட்சியேற்றம் முதலியவற்றால் போசணை இழக்கப்படுதல்.

3. "செம்மஞ்சள் நிறமுடைய பானத்தை விரும்பிய அளவு அருந்தலாம்." இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? கணிப்பொன்றின் மூலம் விளக்குக.
குறிப்பு: பகுதி 3இல் உள்ள ஒப்பீட்டைப் பயன்படுத்துக. செறிவு, மொத்த அளவு ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் விடைக்கே முழுப்புள்ளி கிடைக்கும்.