எட்டில் ஒரு மொறிஸ் மைனர்

மொறிஸ் மைனர் காரின் நீளம் 3.76 மீற்றர். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 47 சென்ரிமீற்றர் வரும். சாப்பாட்டு மேசையில் நிறுத்திவைக்கலாம். நல்லூர்ப் பக்கம் அசல் கார் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, எட்டால் வகுத்து, அசலில் உருக்காக இருப்பதை உருக்காலும் பித்தளையாக இருப்பதைப் பித்தளையாலும் ஒருவர் செய்து முடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வர்ணமும் பூசியாயிற்று. படம் பிடித்துக் காட்டினால் எது அசல், எது பிரதி என்று சொல்ல முடியாது. ஆனால் பின்பக்கத்தைக் கையால் அமுக்கினால் குட்டு உடைந்துவிடும். அசல் கார் மெல்ல இறங்கி ஏறும். பிரதி இறங்கவே மாட்டேன் என்று நிற்கும். விரலால் தட்டினால் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடுங்கி ஓயும். எட்டால் வகுத்ததில் பிழையில்லை. எல்லாவற்றையும் எட்டாலேயே வகுத்ததுதான் பிழை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க யாழ்ப்பாணம் பொருத்தமான இடம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனரும், அதற்கு முந்திய ஆண்டு வந்த ஒஸ்ரின் ஏ40உம், பிறகு வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இங்கே காட்சிப்பொருளாகக் கிடக்கவில்லை. கலியாண வீட்டுக்கும் ஆசுப்பத்திரிக்கும் வாடகைக்கு ஓடின. 1960களில் இறுகத் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு புதிய கார்களை வரவிடாமல் தடுத்தது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை; பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். (அந்தக் காலத்து எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. இன்றைய எஞ்சினுக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது.) தேய்ந்த புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் கடைந்து போடுவதும், ஒடிந்த வில்லுத்தகட்டுக்கு வேறொரு வாகனத்தின் தகட்டை வெட்டிப் பொருத்துவதும் கராஜ்காரரின் அன்றாட வேலை. காரின் பாகத்தைக் கையால் செய்யும் பழக்கம் ஊருக்குப் புதிதல்ல. எட்டில் ஒரு பங்காகச் செய்யும்போதுதான் அந்தப் பழக்கம் கைகொடுக்காமல் போகிறது.

ஏன்? முதலில் பாரம். மைனரின் எடை ஏறக்குறைய 775 கிலோகிராம். நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டிலொன்றாகக் குறைவதால் எடை 8×8×8, அதாவது 512இல் ஒரு பங்காகிறது: ஒன்றரைக் கிலோ. அடுத்து வில். மைனரின் பின்சில்லுகளைத் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகளாலான வில். ஒரு தகட்டின் விறைப்பு அதன் அகலத்தோடு நேராகவும், தடிப்பின் கனத்தோடு நேராகவும், நீளத்தின் கனத்தோடு எதிராகவும் மாறும். மூன்றையும் எட்டால் குறைத்தால் தடிப்பும் நீளமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அகலம் மட்டும் மிஞ்சும். ஆக விறைப்பு எட்டிலொன்றாகத்தான் குறைகிறது. பாரம் 512 மடங்கு குறைய, வில் எட்டு மடங்கு மட்டுமே இளகியிருக்கிறது. காரின் பாரத்தால் அசல் வில் 10 சென்ரிமீற்றர் தாழ்கிறதென்றால், பிரதியில் 12.5 மில்லிமீற்றர் தாழ வேண்டும். தாழ்வதோ அசலின் 64இல் ஒரு பங்கு: 1.6 மில்லிமீற்றர்.

பெரிய மிருகத்தின் எலும்பு சிறிய மிருகத்தின் எலும்பை அப்படியே பெருப்பித்ததாக இருக்க முடியாது, விகிதத்தைவிடத் தடித்தாக வேண்டும் என்று கலிலியோ 1638இல் வெளியான தன் நூலில் படம் வரைந்தே காட்டினார். நம்முடைய சிக்கல் அதன் மறுபக்கம். பெருப்பித்தால் எலும்பு முறியும். சிறுப்பித்தால் வில் வளைய மறுக்கும்.

தாழ்வின் அளவு தெரிந்தால் அதிர்வின் வேகமும் தெரிந்துவிடும்; ஈர்ப்பு ஆர்முடுகலைத் தாழ்வால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதை 2π ஆல் வகுத்தால் போதும், எடை தனியாக வேண்டாம். 10 சென்ரிமீற்றர் தாழும் கார் செக்கனுக்கு ஒன்றரைத் தடவைக்குச் சற்று மேலாக ஆடும். 1.6 மில்லிமீற்றர் மட்டும் தாழும் பிரதி, செக்கனுக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் துடிக்கும். பொம்மைக் கார் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் உருளும்போது பொம்மையாகவே தெரிவதற்கு இதுதான் காரணம். லிவர்பூலில் டிங்கி பொம்மைக் கார்களைச் செய்த நிறுவனம் ஒஸ்ரின் டெவனையும் சமர்செற்றையும் சிறிய வார்ப்பாகச் செய்தபோது வில்லே வைக்கவில்லை. அச்சாணியை நேராகச் செருகிவிட்டது. அரைகுறை வில்லைவிட அது நேர்மையான முடிவு என்பது என் எண்ணம்.

வில்லை இளக்க வழி, தடிப்பிலேயே இருக்கிறது. விறைப்பு இன்னும் எட்டு மடங்கு குறைய வேண்டும். தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு சரியாக எட்டிலொன்றாகும். அசல் தகடு 6 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், எட்டால் வகுத்து 0.75, அதில் பாதி 0.375 மில்லிமீற்றர். இவ்வளவு மெல்லிய, நன்றாகப் பதமேறிய உருக்குத் தகட்டுக்கு எங்கே போவது? மெக்கானிக்கின் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. எஞ்சினின் பொயின்ற் இடைவெளியைச் சரிபார்க்கும் பீலர் கேஜ் ஒவ்வொரு தடிப்பிலும் ஒரு தகடு கொண்டது. மைனர் 1000இன் பொயின்ற் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீற்றர். அசல் காரின் தீப்பொறியைச் சரிசெய்யும் அதே தடிப்புத் தகடு, எட்டிலொரு காரின் வில்லுக்கும் அளவாக அமைந்துவிடுகிறது. நீளமான வகையாகப் பார்த்து வாங்கி, ஐந்தரை மில்லிமீற்றர் அகலத்துக்குக் கல்லுத்தட்டால் அறுத்தெடுக்கலாம்.

அறுக்கையில் சூடேறவிடக் கூடாது. இந்த உருக்கைச் சூடாக்கினால் மேற்பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு கபிலம், ஊதா, 300 பாகை செல்சியஸ் அளவில் நீலம் என்று நிறம் ஓடும். அது சாயமல்ல. இரும்பு ஒட்சைட்டுப் படலம் நனோமீற்றர் கணக்கில் தடிக்கத் தடிக்க, அதன் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் தெறிக்கும் ஒளி தமக்குள் தலையிட்டுச் சில நிறங்களை அழிக்கிறது. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதும் இதே காரணத்தால்தான். வெப்பமானி இல்லாத காலத்திலும் கொல்லர் பதம் பார்த்தது இந்த நிறத்தைக் கொண்டு. நீலம்வரை போனால் வில்லுக்குப் பாதகமில்லை. நீலமும் கலைந்து சாம்பலானால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும்.

அந்தக் கெடுதலே ஓரிடத்தில் தேவைப்படுகிறது. வில்லின் இரு நுனிகளிலும் ஆணி நுழையும் கண் வேண்டும். பதமேறிய தகட்டை அவ்வளவு இறுக்கமாகச் சுருட்டினால் ஒடிந்துபோகும். நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டுச் சுருட்ட வேண்டும். நடுப்பகுதியை ஈரத் துணியால் சுற்றிக் காப்பாற்ற வேண்டும். மற்றப் பாகங்களைப் பொருத்துவதிலும் இதே எச்சரிக்கை. கஸ்தூரியார் வீதி நகைப் பட்டறைகளில் வெண்காரம் தடவிப் பொடிவைத்து ஊதும் முறைக்கு 600 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பித்தளையால் செய்த தாங்கிகளுக்கு அது அருமையான ஒட்டு. வில்லுக்கு அருகில் கொண்டுபோனால் வில் செத்துவிடும். அங்கே ஈயமும் வெள்ளீயமும் கலந்த ஒட்டுத்தான் சரி. 183 பாகையில் உருகிவிடும், உருக்கின் பதத்தைத் தொடாது.

கண்ணுக்குப் பிடிக்காத ஒரு குறை மிஞ்சுகிறது: தகடுகள் பாதியானால் அடுக்கும் பாதி உயரமாகி மெலிந்து தெரியும். இதற்கு ஒரு தந்திரம். தடிப்பைக் குறைக்காமல், மேல்தகட்டை மட்டும் உண்மையான வில்லாக விட்டு, மற்றவை அதைத் தொடாதபடி நுனிகளை இம்மியளவு அரத்தால் ராவிவிடுவது. ஏழு தகடுகளில் ஆறு வேடத்துக்கு, ஒன்றுதான் வேலைக்கு. இதனாலும் விறைப்பு விழும். ஆனால் முழுதும் ஒரே அகலமான ஒற்றைத் தகடு, படிப்படியாகக் குறையும் அடுக்கைப்போல் வளையாது, அதனால் எட்டிலொன்றை எட்டாது. மேல்தகட்டையும் கொஞ்சம் மெலிதாக்க வேண்டிவரும். இன்னொரு வழி உலோகத்தையே கைவிடுவது. நமக்கு வேண்டியது உருக்கின் யங் மட்டில் (பொருளின் இயல்பான விறைப்பில்) எட்டிலொன்று. பித்தளை அதில் பாதியோடு நின்றுவிடுகிறது. மூங்கில் சிராய் நாம் தேடும் அளவை ஏறக்குறைய நெருங்குகிறது! கறுப்பு மை பூசினால் யாருக்கும் தெரியாது. என்றாலும் மாதக்கணக்கில் பாரம் தாங்கினால் மூங்கில் மெல்ல மெல்லத் தாழ்ந்துபோகும். அலுமாரிக்குள் நிற்கும் காருக்கு அது ஆகாது. நான் உருக்கின் பக்கம்.

முன்பக்கம் இலகு. இசிகோனிஸ் அங்கே சுருள்வில் வைக்கவில்லை. காரின் நீளவாக்கில் ஓடும் உருக்குக் கோலொன்று முறுகி வில்லாக வேலை செய்கிறது. கோலின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது; அதனால் அளவுக்குரிய விட்டத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறைத்தாலே போதும். பியானோக் கம்பி ஏற்றது. வித்தியாசம் வெளியே தெரியாது, கோல் அடித்தட்டின்கீழ் ஒளிந்திருப்பதால்.

எண்ணெய் அதிர்வுதணிப்பான்தான் வினோதமானது. வில்லைப் போலல்லாமல் அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும். ஒடுங்கிய இடைவெளியால் எண்ணெய் மெதுவாக வழுகிப் போகும் நிலையில், அதே எண்ணெயை எட்டிலொரு தணிப்பானில் ஊற்றினால் தணிப்பு விகிதம் எட்டு மடங்காகும். அமுக்கிவிட்ட கார் ஆடவே ஆடாது. ஊர்ந்து ஊர்ந்து பழைய நிலைக்கு வரும். வில்லைத் திருத்தி இளக்கினால் இந்த மிகை இன்னும் கூடும். பிசுக்குமை குறைந்த திரவம் வேண்டும்; தையல் மெஷின் எண்ணெயே சில இடங்களில் கூடுதல். மண்ணெண்ணெய் பொருந்தலாம். தடைக்காலத்தில் எஞ்சினுக்குள் போனது, இப்போது தணிப்பானுக்குள்.

இத்தனையும் சரிசெய்த கார் இப்போது 12.5 மில்லிமீற்றர் தாழும். செக்கனுக்கு நாலரைத் தடவை ஆடும். அசலின் ஒன்றரையைவிட இன்னும் வேகம்தான். இதற்குமேல் பட்டறையில் செய்ய ஒன்றுமில்லை, பூமியின் ஈர்ப்பை எட்டால் வகுக்க முடியாது. மிச்சத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். எட்டின் வர்க்கமூலம் 2.83, செக்கனுக்கு 24 சட்டங்களுக்குப் பதிலாக 68 சட்டங்களாகப் படம் பிடித்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால் ஆட்டம் அசலோடு பொருந்தும். சிறிய மாதிரிகளைக் கொண்டு பெரிய கப்பல்களையும் கட்டடங்களையும் காட்டிய சினிமாக்காரர்கள் இதே வர்க்கமூலத்தைத்தான் பயன்படுத்தினார்கள்.

திருத்தாத விறைத்த வில்லோடே படம்பிடித்தால் என்ன? செக்கனுக்கு 192 சட்டங்கள் எடுத்தால் அந்தத் துடிப்பும் அசலின் ஆட்டமாக மாறித் தெரியும். ஏமாற்று பலித்ததுபோலவே இருக்கும். ஆனால் அதே படத்தில், பருத்தித்துறை வீதியின் மழைவெள்ளத்தை எட்டிலொன்றாக அமைத்து, கார் அதற்குள் இறங்கட்டும். சில்லில் பட்டுத் தெறிக்கும் நீர் எழும்பி, கீழே விழ மனமில்லாமல் மிதக்கும். அந்தப் படத்துக்குள் ஈர்ப்பு பூமியில் எட்டிலொன்று. சந்திரனில்கூட ஆறிலொன்று இருக்கிறது.