முதன்முறை இசைவிழாவுக்குப் போகும் பிள்ளைகள்

கோடை வந்தால் சிட்னியில் திறந்தவெளி இசைவிழாக்களும் தொடங்கிவிடும். "டொக்டர், மகள் முதன்முறையாகப் போகக் கேட்கிறாள், விடலாமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. விடலாம். ஆனால் சில விடயங்களைச் சொல்லி அனுப்புங்கள்.

காது: 85 டெசிபல் ஒலியை 8 மணிநேரம் வரை கேட்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ஒலிபெருக்கிக்குக் கிட்ட நிற்க வேண்டாம். பாமசியில் விற்கும் காதடைப்பான் நல்லது.

வெயில்: தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் அவசியம். இடையிடையே நிழலில் ஆறவேண்டும்.

போதை மாத்திரை: 2017 டிசம்பருக்கும் 2019 ஜனவரிக்கும் இடையில் நியூ சவுத் வேல்ஸ் இசைவிழாக்களுக்குப் போன 6 இளையவர்கள் இறந்தார்கள். எல்லோரும் 18 முதல் 23 வயது வரையானவர்கள். ஆறு மரணங்களிலும் எம்.டி.எம்.ஏ சம்பந்தப்பட்டிருந்தது. இது உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். அதைத் தணிக்க அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பும் வரலாம்.

உதவி: கூட வந்தவர் குழம்பிக் கதைத்தாலோ, உடல் கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவக் கூடாரத்துக்கு அறிவியுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காதீர்கள். அவர்களின் வேலை சிகிச்சை அளிப்பது.

சீருடையைக் கண்டால் ஒதுங்குவது ஊரில் எங்கள் உயிரைக் காத்த பழக்கம். அதைப் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறோம். இங்கே அதுவே ஓர் உயிரைப் பறித்துவிடலாம்.

பெற்றோரே, "எந்த நேரமானாலும் கோல் எடு, ஏச மாட்டேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள்.