டாலிகஞ்ச் தரையில் எம்டன்

கொல்கத்தாவின் டாலிகஞ்சுக்குக் குடிவந்த புதிதில் மேல்வீட்டுப் பெரியவரோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்தேன். மூலைக் காயை நான் யானை என்றேன். அவர் "நௌகா" என்றார். வங்காளிகளுக்கு அது படகு. வில்லியம் ஜோன்ஸ் 1790இல் இந்தியச் சதுரங்கம் பற்றி எழுதிய கட்டுரையிலும் அந்தப் படகு வருகிறது. அவர் அதில் சொல்வது நான்கு பேர் பகடை உருட்டி ஆடும் பழைய ஆட்டம். இரண்டு விழுந்தால் படகை நகர்த்த வேண்டும்.

கடற்போர் ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அந்தப் பெரியவர்தான். பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898இல் இதற்கு விதிகள் வெளியிட்டார். கப்பலின் வேகம், கவசம், பீரங்கி தெரியாமல் இதை ஆட முடியாது. அதே ஆண்டு அவர் கொண்டுவந்த போர்க்கப்பல் கையேடு இன்றும் புதுப்பிக்கப்பட்டு வெளிவருகிறது.

எங்கள் வீட்டில் எப்போதும் எம்டன் ஆட்டம்தான். எம்டன் முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல்; அதைத் தேடுவது பிரிட்டிஷ் பக்கம். கூடத்தின் நடுவே ஒரு போர்வையைக் கட்டுவோம். இந்தப் பக்கம் ஒரு வங்கக்கடல் வரைபடம், அந்தப் பக்கம் அதே வரைபடம். நகர்த்தலைச் சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்தால் மட்டுமே அவர் வாய் திறப்பார்.

எம்டனாக ஆடுபவருக்குப் பெரிய கவலை கரிதான். 1914 செப்டம்பரில் எம்டனின் கேப்டன் முல்லருக்கும் அதே கவலை. வங்க நிலக்கரி ஏற்றிவந்த போன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் அவரிடம் சிக்கியது. 10 முதல் 14ஆம் தேதிக்குள் ஆறு கப்பல்களை மூழ்கடித்தார். அவற்றில் ஒன்று தேயிலை ஏற்றிய டிப்ளமேட். நடுநிலை நாட்டுக் கப்பல் என்பதால் இத்தாலியின் லொரெடானோவை விட்டுவிட்டார். அது சேதி சொல்லி எல்லோரையும் உஷார்ப்படுத்தியது. எங்கள் ஆட்டத்தில் அந்த எச்சரிக்கைச் சீட்டு வரும் நிமிடம் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். முல்லர் ரங்கூன் பக்கம் விலகிப் போய், 22ஆம் தேதி இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தினார்.

"அவன் சரியான எம்டன்" என்று என் பாட்டி சொல்வாள். பிரிட்டிஷ் பக்கம் மூன்று மாலை ஆடி மூன்றிலும் தோற்ற பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரிந்தது. கடல் அவ்வளவு பெரிது. கப்பல் அவ்வளவு சிறிது. போதாததற்கு முல்லர் பொய்யாக நான்காவது புகைபோக்கி கட்டி ஆங்கிலக் கப்பல்போல வேஷம் போட்டார். எம்டன்காரர் ஒரே ஒரு முறை பொய் அடையாளம் சொல்லலாம் என்று நாங்களும் விதி வைத்திருக்கிறோம்.

பெரியவர் வைத்த விதி இன்னொன்று. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை நொறுக்கியதில் எம்டனில் 134 பேர் இறந்தார்கள். அந்த எண்ணை நடுவர் உரக்கப் படிக்க வேண்டும். அதன் பிறகே வரைபடத்தைச் சுருட்டலாம்.

சென்னை உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று படியுங்கள். பிறகு வீட்டில் ஒரு போர்வையைக் கட்டுங்கள். மூன்று பேர் போதும்.