அட்டையில் போட ஒரு முகம் இல்லை

‘டைம்ஸ்பிளிட்டர்ஸ் 4’ ஒருமுறை அல்ல, இருமுறை கைவிடப்பட்ட வீடியோ விளையாட்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கிய ஃப்ரீ ரேடிகல் டிசைன் நிறுவனம் அதை உருவாக்க முயன்றது. 1997-இல் நின்டெண்டோ 64-க்கு வந்து பெரும்புகழ் பெற்ற ‘கோல்டன்ஐ 007’ விளையாட்டில் பணியாற்றிய டேவிட் டோக், ஸ்டீவ் எல்லிஸ் உள்ளிட்டோர், அதை உருவாக்கிய ரேர் நிறுவனத்தை விட்டு விலகி 1999-இல் ஃப்ரீ ரேடிகலைத் தொடங்கினார்கள். கோல்டன்ஐயில் ஒவ்வொரு ஆட்டத்திலும் வெவ்வேறு இடத்தில் நின்று ஆட்டக்காரரைத் தேட வைக்கும் பாத்திரமான டாக்டர் டோக், இந்த டோக்கின் பெயரைத் தாங்கியவர்தான்.

முதல் ‘டைம்ஸ்பிளிட்டர்ஸ்’ 2000-இல் பிளேஸ்டேஷன் 2 கன்சோலோடு சேர்ந்தே அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2002-இல் வந்த இரண்டாம் பாகம்தான் தொடரின் உச்சம். சைபீரியாவில் பனி மூடிய அணையில் தொடங்கும் கதை 1853-ஆம் ஆண்டின் அமெரிக்க மேற்குப் பகுதி, 1895-இன் பாரிஸ், 1932-இன் சிகாகோ என்று காலம்விட்டுக் காலம் தாவும். நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் துப்பாக்கி ஏந்திய குரங்கும் ஒன்று. ஒரே தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் ஆடலாம். சொந்தமாக வரைபடமும் அமைக்கலாம். சுடும் விளையாட்டுகள் முகத்தை இறுக்கிக்கொண்டு திரிந்த காலத்தில், இந்தத் தொடர் வாய்விட்டுச் சிரித்தது.

2005-இல் மூன்றாம் பாகம் வந்தது. நான்காவதைப் பற்றிய பேச்சு 2007-இல் கிளம்பியது. ஆனால் அடுத்த ஆண்டு நிறுவனத்துக்கு அடிமேல் அடி. 2008 மே மாதம் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த அதன் ‘ஹேஸ்’ விளையாட்டு விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற வெளியீட்டாளருக்காகச் செய்துவந்த ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 3’ ரத்தானது. அது ஏறக்குறைய முடிந்திருந்தது என்பது எல்லிஸின் வாதம்; லூகாஸ்ஆர்ட்ஸ் தரப்பில் அதை மறுத்தவர்களும் உண்டு.

மிச்சமிருந்த நம்பிக்கை டைம்ஸ்பிளிட்டர்ஸ் 4 தான். அதற்குப் பணம் போட எந்த வெளியீட்டாளரும் முன்வரவில்லை. எல்லிஸ் பின்னர் சொன்னபடி, சந்தைப்படுத்தும் பிரிவினர் கேட்டது ஒன்றே: அட்டைப்படத்தில் யாரைப் போடுவது? ஹேலோ விளையாட்டுக்கு மாஸ்டர் சீஃப் என்ற நாயகர் இருந்தார். குரங்கு, கௌபாய், ரோபோ என்று கூட்டமாக வரும் விளையாட்டுக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. ஆட்டக்காரர்கள் எதற்காகக் கொண்டாடினார்களோ, அதுவே விற்பனைக்குக் குறையாகிப் போனது. ஹேஸ் பெற்ற கெட்ட பெயரும் தயக்கத்தைக் கூட்டியிருக்கும். 2008 டிசம்பரில் நிறுவனம் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது.

2009-இல் ஜெர்மனியின் கிரைடெக் ஃப்ரீ ரேடிகலை வாங்கிக் கிரைடெக் யூகே என்று பெயர் மாற்றியது. நான்காம் பாகத்தை மட்டும் கையில் எடுக்கவில்லை. ஒரு ரசிகர் குழு தானே டைம்ஸ்பிளிட்டர்ஸை மறுபடி செய்ய அனுமதி கேட்டபோது, மறுக்காமல் கொடுத்தது. 2014-இல் ஊழியர்கள் டாம்பஸ்டர் ஸ்டுடியோஸ் என்ற புதிய நிறுவனத்துக்கு மாறினார்கள். அங்கே 2016-இல் வெளியான ‘ஹோம்ஃப்ரன்ட்: தி ரெவல்யூஷன்’ விளையாட்டுக்குள், ஓர் ஆர்கேட் இயந்திரத்தில் டைம்ஸ்பிளிட்டர்ஸ் 2 ஒளிந்திருந்தது. முழுவதையும் திறக்கும் பொத்தான் வரிசை 2021-இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

அதே 2021-இல் தொடரின் உரிமை பெற்றிருந்த வெளியீட்டாளர் டீப் சில்வர், டோக்கையும் எல்லிஸையும் அழைத்து, புதிய டைம்ஸ்பிளிட்டர்ஸ் விளையாட்டுக்காக ஃப்ரீ ரேடிகல் டிசைனை மீண்டும் தொடங்கியது. ஆனால் அதன் தாய் நிறுவனமான ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமம் எதிர்பார்த்திருந்த சுமார் 200 கோடி டாலர் ஒப்பந்தம் 2023-இல் கைநழுவியது. அதைத் தொடர்ந்த செலவுக்குறைப்பில் பல ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன. 2023 டிசம்பரில் ஃப்ரீ ரேடிகல் டிசைனும் மூடப்பட்டது; அதோடு அந்த விளையாட்டும் இரண்டாம் முறையாக நின்றுபோனது. தொடரின் கடைசி விளையாட்டாக 2005-இல் வந்த மூன்றாம் பாகமே நிற்கிறது.