காற்றை அரைக்கும் சக்கரமும் திறந்த வெளியும்

தேகப்பயிற்சியைப் பற்றி இப்படியொரு இதழில் எழுதுவதா என்று தோழர்கள் சிரிக்கக்கூடும். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் 'தினம் நடங்க' என்று சொன்ன பிறகுதான் எனக்கும் இது பிரச்சினையாகப் பட்டது. ஜிம்முக்குப் போ என்கிறார் ஒரு நண்பர். ஜிம் நுகர்வுக் கலாச்சாரம், இயற்கையிடம் போ, மலையேறு என்கிறார் இன்னொருவர். ஒன்று சிறை, மற்றது விடுதலை என்கிற இந்த எதிர்வை அவ்வளவு லேசாக ஏற்றுக்கொள்ள முடியுமா?

சிறை என்பது இங்கே வெறும் உருவகம் அல்ல. 'ட்ரெட்மில்' என்ற பெயரே சிறையோடு பிணைந்தது. 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகளுக்காக வடிவமைத்த படிச்சக்கரம் அது. கம்பியைப் பிடித்தபடி மணிக்கணக்கில் முடிவற்ற படிகளில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. பலவற்றில் எதையும் அரைக்கவில்லை. காற்றை அரைப்பது என்றே அதைச் சொன்னார்கள். 1895இல் சிறைப்பட்ட ஆஸ்கார் வைல்டும் அதில் ஏற்றப்பட்டார். 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பின் அது வழக்கொழிந்தது. இன்றைய மோட்டார் கருவி அதன் நேரடி வாரிசு அல்ல, மருத்துவ ஆய்வறைகளின் வழியே வந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பெயர் மட்டும்தானா? உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, காலத்தை அலகு அலகாக வெட்டி, பணியும் உடலை உருவாக்கும் அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதினார். ஜிம்மில் தொடைக்கு ஒரு கருவி, தோளுக்கு ஒரு கருவி. 12 தடவை, 3 சுற்று. எதிரே கண்ணாடி, கண்காணிப்பவரும் நாமே.

வெளியில் உடல் இப்படித் துண்டாவதில்லை. மேடுபள்ளத்தில் கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் புதுக் கணக்குப் போடுகிறது, இறக்கத்தில் தொடைத்தசை நீண்டபடியே சுமை தாங்குகிறது, எதிர்க்காற்று தள்ளுகிறது. இதையெல்லாம் ஓடும் பட்டை முழுசாகத் தந்துவிடாது.

ஆனால் 'இயற்கை'யும் அதிகாரத்துக்கு வெளியே இல்லை. 1811இல் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் பெர்லினின் ஹாசன்ஹைடேயில் திறந்தவெளிப் பயிற்சித் திடலை அமைத்தார். வெட்டவெளியில் அங்கே வார்க்கப்பட்டது நெப்போலியனை எதிர்க்கும் ஜெர்மானிய தேசிய உடல். பிரஷ்ய அரசே மிரண்டுபோய் 1820இல் இப்பயிற்சியைத் தடை செய்தது. தடை நீங்கியது 1842இல். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், தன் பயணங்களில் கண்ட பூர்வகுடிகளின் உடல்களை முன்மாதிரியாக்கி, 'இயற்கை முறை' ஒன்றை வகுத்தார் – நட, ஓடு, ஏறு, தூக்கு, நீந்து. அதில் பயின்றவர்கள் கடற்படை வீரர்கள். காலனியப் பார்வை கண்டெடுத்த இயற்கை அது.

என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். திறந்த வெளி, வெயில், வெறுங்கால். இதைவிட 'இயற்கையான' பயிற்சி உண்டா? அம்பது வயசுல முட்டி போச்சு. தசை வலுப்பெறுவது சுமைக்கும் சுமைக்கும் இடையிலான ஓய்வில். அந்த ஓய்வு அவருக்குக் கூலியில் சேரவில்லை. பயிற்சிக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடு எடையில் இல்லை. 'இன்னிக்குப் போதும்' என்று இறக்கி வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

வெளியும் அப்படித்தான். விடிகாலையில் நான் தெருவில் ஓடினால் பயிற்சி. என் துணைவி ஓடினால் வேடிக்கை. பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கிக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஜிம்தான் அவருக்குத் திறந்த வெளி. நண்பர் சொல்லும் விடுதலை யாருடைய கால்களை மனதில் வைத்துப் பேசுகிறது?

ஆகவே ஜிம்மா இயற்கையா என்பதல்ல கேள்வி. தரை யாருடையது, நேரம் யாருடையது என்பதே. எல்லோரும் கால் வைக்கக்கூடிய பொது மைதானமும், வேலை நேரத்துக்கு ஒரு வரம்பும் கேட்காத 'ஆரோக்கியம்' பற்றிய பேச்சு, காற்றைத்தான் அரைத்துக்கொண்டிருக்கும்.

இப்போதைக்கு நான் ஏரிக்கரையில் நடக்கிறேன். திரும்பி வரும்போது திண்ணையிலிருந்து அப்பா கேட்கிறார்: "வெறுங்கையோட போற, வெறுங்கையோட வர்ற. இதுக்குப் பேரு என்னடா?"