மணிக்கு ஒரு துளி

மூக்குக்குக் கீழே விரலை வைத்து மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று தாராளமாக வரும். மறுபக்கம் லேசாக அடைத்தாற்போல இருக்கும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பலருக்குப் பக்கம் மாறியிருக்கும். சளி பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே இருக்கும் மெத்தென்ற சதையில் ஒரு பக்கம் ரத்தம் நிரம்பி உப்பும்போது மறுபக்கம் சுருங்கிக்கொள்கிறது. பிறகு இரண்டும் முறை மாற்றிக்கொள்கின்றன. ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-ல் இதைப் பதிவு செய்தார். நம் சித்தர்கள் இதைச் சரம் என்றார்கள். திருமந்திரத்தில் வாரசரம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. இந்தக் கிழமைக்கு இந்த நாசி என்ற கணக்கு வேறு விஷயம். மூச்சு பக்கம் மாறுவதைக் கருவி எதுவும் இல்லாமல் கண்டுகொண்ட கவனிப்பை வணங்கத்தான் வேண்டும்.

உடல் கடிகாரம் என்றதும் 24 மணி நேரம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓர் அலை எழுந்து, குடலில் மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளுகிறது.

இப்படிப்பட்ட தாளங்களில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஆய்வாளர் எர்ன்ஸ்ட் நோபிலின் குரங்குகள். மூளையின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன்தான் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, அதன் வழியே சினைப்பையை வேலை செய்ய வைக்கிறது. அந்த ஹார்மோன் சுரக்காதபடி செய்யப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு, பிட்ஸ்பர்க்கில் நோபிலின் குழு அதை வெளியிலிருந்து ஏற்றியது. இடைவிடாமல் ஏற்றியபோது பிட்யூட்டரி ஓய்ந்துபோனது. மணிக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டும் கொடுத்தபோது மீண்டும் உயிர்பெற்றது. 1978-ல் வெளியான இந்த முடிவு சொன்னது இதுதான்: எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் போலவே, எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதும் உடலுக்குச் செய்தி. இன்று அந்த ஹார்மோனைப் போன்ற மருந்தை விடாமல் செலுத்தி, வயதுக்கு முந்திய பூப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஹார்மோனையே சிறு பம்ப் மூலம் 90 நிமிடத்துக்கு ஒரு துளியாகக் கொடுத்து, மாதவிடாய் நின்றுபோன சில பெண்களுக்குக் கருமுட்டையை வெளிவரச் செய்கிறார்கள். இடைவெளி மாறினால் பலன் தலைகீழ்.

நாளைவிட நீண்ட தாளத்துக்கு மதுரை ஒரு சாட்சி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனின் குழு, வெளிச்சமோ சத்தமோ நேரத்தைக் காட்டிக்கொடுக்காத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து ஆராய்ந்தது. கடிகாரம் கிடையாது, பேச்சுத் துணை கிடையாது. தோன்றும்போது தூங்கலாம், தோன்றும்போது எழலாம். அப்படித் தங்கிய ஒரு பெண்ணைப் பற்றி 1991-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவருடைய மாதச் சுழற்சி, தூக்கம்–விழிப்பு என்ற தாளத்தோடு பிணைந்திருக்கவில்லை. எத்தனை முறை தூங்கி எழுந்தோம் என்று எண்ணி வருவதல்ல மாதம். அதற்குத் தனிக் கணக்கு.

அந்தக் கணக்கும் எல்லோருக்கும் 28 அல்ல. வயதுவந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்புதான். ஒரே பெண்ணுக்கே மாதத்துக்கு மாதம் சில நாள் முன்பின்னாகும். அதற்காகப் பதறும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. “கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்சே?” என்று டாக்டர் கேட்கும்போது, ஒரு தேதிக்குப் பதிலாக ஆறு மாதத் தேதிகளையும் காட்ட முடிந்தால் அவருக்கு அந்தப் பெண்ணின் தாளமே தெரியும். சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்தால் போதும்.